"அடுத்து என்ன ஆகப் போகிறீர்கள்?" – கணக்கியல் இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்குப் போகும் டர்பன் பிள்ளைகளுக்குச் சில கேள்வி பதில்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கணக்கியல் படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆடிட் அலுவலகத்தில் இன்டர்ன்களைத் தேர்ந்தெடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நேர்காணல் இங்கே ஆங்கிலத்தில்தான் நடக்கும். மாதிரிப் பதில்கள் தமிழில் இருப்பது நல்லதுதான், அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது.

விடுமுறையில் சில வாரம் வேலை பார்க்கத்தான் கேட்கிறேன். அதற்கு ஏன் என் எதிர்காலத்தையெல்லாம் விசாரிக்கிறார்கள்?

ஜூன், ஜூலை விடுமுறையிலும் ஆண்டு இறுதியிலும் 'வேக் ஒர்க்' வருகிற பிள்ளைகளிலிருந்துதான் பல அலுவலகங்கள் பிறகு ஆர்ட்டிகிள்ஸுக்கு ஆள் எடுக்கின்றன. அந்தச் சில வாரம் அவர்களுக்கு ஒரு நீளமான நேர்காணல் மாதிரி. ஆர்ட்டிகிள்ஸ் என்று நாம் சொல்லும் பயிற்சி ஒப்பந்தம் கணக்கியல் பட்டதாரிக்கு 3 வருடம், பட்டம் இல்லாமல் சேர்ந்தால் 5 வருடம். முதல் வருடம் நீங்கள் செய்யும் வேலையைவிட உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் செலவழிக்கும் நேரம் அதிகம். நீங்கள் போட்ட ஒவ்வொரு ஒர்க்கிங் பேப்பரையும் ஒருவர் உட்கார்ந்து படித்து, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அலுவலகத்துக்குப் பலன் வர ஆரம்பிப்பது இரண்டாவது வருடத்தில். சரியாக அந்த நேரம் பார்த்து "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஒருவர் கிளம்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆகவே எந்த உருவத்தில் கேட்டாலும், அந்தக் கேள்விக்குள் இருப்பது இரண்டே சந்தேகம்தான். இந்தத் தொழிலில் எந்தப் படிக்கு அப்புறம் எந்தப் படி என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? தெரிந்தால், கடைசிவரை இருக்குமா? உங்கள் கனவு எவ்வளவு பெரியது என்று யாரும் அளப்பதில்லை.

"இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?" இதற்கு என்னதான் சொல்வது?

மற்ற தொழில்களில் இது ஜோசியக் கேள்வி. நம் தொழிலில் இதற்கு ஏறக்குறைய கணக்குப் போட்டே விடை சொல்லலாம். ஆனாலும் பத்தில் ஏழெட்டுப் பேர் "நல்ல நிலையில் இருப்பேன், வளர்ந்திருப்பேன்" என்று காற்றில் கோடு போடுகிறார்கள்.

நீங்கள் இப்போது பி.காம் அக்கவுண்டிங் மூன்றாம் ஆண்டின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிசம்பரில் பட்டப் படிப்பு முடியும். அடுத்த ஒரு வருடம் முதுநிலை டிப்ளோமா, அதாவது பழைய பேச்சில் சிடிஏ. அதற்கடுத்த ஜனவரியில் ஆர்ட்டிகிள்ஸ் ஆரம்பம். சைக்கா, அதாவது தென்னாப்பிரிக்கச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சங்கம், நடத்தும் முதல் தகுதித் தேர்வு, ஐடிசி என்று எல்லோரும் சொல்வது, வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூனிலும் வரும். பயிற்சியின் இரண்டாம் வருடக் கடைசியில் ஏபிசி என்ற இறுதித் தேர்வு. மூன்றாம் வருடம் முடியும்போது ஒப்பந்தம் முடியும். கூட்டிப் பாருங்கள்: அரை வருடம், ஒரு வருடம், மூன்று வருடம். எல்லாம் முதல் தடவையிலேயே கைகூடினால், ஐந்து வருடம் முடியும்போது உங்கள் பெயருக்குப் பின்னால் சிஏ வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும்.

இதைத் தெரிந்த பிள்ளை இப்படிச் சொல்லும்: "அடுத்த வருடம் டிப்ளோமா முடிக்க வேண்டும். அதற்கப்புறம் மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஸ். உங்களிடம் அதைச் செய்ய ஆசை, அதனால்தான் இந்த இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தேன். ஐந்தாவது வருடம் தேர்வுகளை முடித்து, ஒரு சின்ன டீமை நடத்தும் ஆடிட் சீனியராக இருக்கப் பார்க்கிறேன். அதற்கப்புறம் ஆடிட்டா, வரியா என்று வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்."

கடைசி வாக்கியத்தில் தயக்கம் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். தெரிந்த இடத்தில் தெளிவு, தெரியாத இடத்தில் அடக்கம். பேனலில் இருப்பவர்களுக்கு அது பிடிக்கும்.

"ஐந்து வருடத்தில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்" என்ற வசனம் மட்டும் வேண்டாம். துணிச்சலாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிஏ ஆன பிறகும் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட, ஆடிட்டர்களை முறைப்படுத்தும் இர்பாவில் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு முன்னால் குறைந்தது 18 மாதம் ஆடிட் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. நாற்காலி வசனம் பேசும் பிள்ளைக்கு இது தெரியாது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

சிஏ தான் லட்சியம் என்று சொல்லியே தீர வேண்டுமா? எனக்கு அவ்வளவு மார்க் இல்லை.

தேவையே இல்லை. நம் வீடுகளில் 'டாக்டர், வக்கீல், சிஏ' என்று மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளை விரட்டுகிறோம். ஆனால் கணக்கியலில் வேறு வழிகளும் இருக்கின்றன. சைக்காவிலேயே ஏஜிஏ என்ற பட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டப் படிப்பும் பயிற்சி ஒப்பந்தமும் போதும், சிடிஏ வேண்டாம். சைப்பா என்ற இன்னொரு கணக்காளர் சங்கத்தின் வழியில் போனால் மூன்று வருடப் பயிற்சியும் ஒரு தேர்வும் முடித்துப் புரொஃபெஷனல் அக்கவுண்டன்ட் ஆகலாம். ஆடிட் கையெழுத்துப் போட முடியாதே தவிர, சிறு கம்பெனிகளின் கணக்கு, வரி, சம்பளப் பட்டியல் என்று கை நிறைய வேலை இருக்கும். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மாடி அறையில் பலகை மாட்டி, கீழே இருக்கும் கடைக்காரர்கள் அத்தனை பேருடைய வாட் கணக்கையும் பார்த்துக் கொடுப்பவர்களில் பலர் சிஏ இல்லை. ஏசிசிஏ என்ற சர்வதேசத் தகுதி என்றால் 13 தேர்வும் 36 மாத அனுபவமும். தொழிற்சாலை, கம்பெனி நிர்வாகப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு சிமா என்ற நிர்வாகக் கணக்கியல் தகுதி.

நேர்காணலுக்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: போகிற அலுவலகம் எதற்குப் பயிற்சி தர அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று பாருங்கள். சைப்பா பயிற்சி மட்டும் தரும் அலுவலகத்தில் போய் "நான் சிஏ ஆக வேண்டும், உங்களிடம் ஆர்ட்டிகிள்ஸ் செய்வேன்" என்றால் அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அப்புறம் கோப்பை மூடிவிடுவார்கள். சைக்கா பயிற்சியிலும் ஆடிட் அலுவலகத்தில் செய்வது ஒன்று, வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களில் செய்வது இன்னொன்று. ஆடிட்டர் ஜெனரல் அலுவலகத்திலும் பயிற்சி எடுக்கலாம். அரசாங்க, நகராட்சிக் கணக்குகளில் ஆர்வம் இருந்தால் அது நல்ல இடம்.

உண்மையாகவே இன்னும் முடிவு செய்யவில்லை. அதைச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் வெறும் "தெரியவில்லை" என்று நிறுத்தினால் பேச்சு அங்கேயே செத்துப்போகும். எந்த இரண்டுக்கு நடுவில் நிற்கிறீர்கள், எதைப் பார்த்தால் முடிவு செய்ய முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "வரிப் பாடம் பிடித்திருக்கிறது, ஆனால் ஆடிட் வேலையை நேரில் பார்த்ததே இல்லை, அதைப் பார்க்கத்தான் வந்தேன்." இது போதும். இரண்டாம் ஆண்டு மாணவரிடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பவர்கள் குறைவு.

டிவெட் என்ற தொழிற்கல்விக் கல்லூரியில் என்6 படிப்பு முடித்திருக்கிறேன். எனக்கும் இதே பதில்கள் பொருந்துமா?

உங்கள் நிலைமை வேறு, பதிலும் வேறு. என்6 முடித்த பிறகு 18 மாத வேலை அனுபவம் இருந்தால்தான் தேசிய டிப்ளோமா கையில் வரும். ஆகவே உங்கள் முதல் இலக்கு என்ன என்பதில் குழப்பமே இல்லை. அதை நேரடியாகச் சொல்லுங்கள்: 18 மாதம் முடிக்க வேண்டும், எந்தெந்த வேலைகளை அந்தப் பதிவேட்டில் காட்ட வேண்டும், அவற்றில் எது உங்கள் அலுவலகத்தில் கிடைக்கும்.

இங்கே நான் பார்க்கும் குறை வேறு. பட்டப் படிப்புப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். "நான் வெறும் என்6 தான்" என்று ஆரம்பிக்க வேண்டாம். பேஸ்டல் கணக்கு மென்பொருளில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவரை, மாதம் 7-ஆம் தேதிக்குள் இஎம்பி201 என்ற ஊழியர் வரிப் படிவம் போக வேண்டும் என்று தெரிந்தவரை, சின்ன அலுவலகம் கையோடு பிடித்து வைத்துக்கொள்ளும். டிப்ளோமாவுக்குப் பிறகு டியூடி, யூனிசா போன்ற பல்கலைக்கழகத்தில் மேலே படிக்க நினைத்தால் அதையும் சொல்லுங்கள். நினைக்கவில்லை என்றால் இல்லாத ஆசையைச் சொல்ல வேண்டாம்.

"சிடிஏவில் தோற்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பயந்து போய்விட்டேன்.

பயமுறுத்தக் கேட்பதில்லை. நிறையப் பேருக்கு நடப்பதால் கேட்கிறார்கள். பெரிய அலுவலகங்கள் வேலைக்கு ஆள் எடுப்பது ஒன்றிரண்டு வருடம் முன்கூட்டியே. எடுத்த பிள்ளை ஜனவரியில் தேறாமல் வந்து நின்றால் அவர்களுடைய ஆள் கணக்கே மாறிவிடும். உங்கள் கையில் திட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

"நான் தோற்க மாட்டேன்" என்ற பதில் வேலைக்கு ஆகாது. "திரும்ப எழுதுவேன். வேலை பார்த்துக்கொண்டே யூனிசாவில் எழுத முடியுமா என்று விசாரித்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் அப்படி வந்தவர்கள் ஒப்பந்தத்தைத் தொடர விடுவீர்களா?" இப்படிக் கடைசியில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டால், அதை அவர்கள் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுப்பாக யோசிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ஏற்கெனவே ஒரு பாடத்தில் தோற்றிருந்தால் மார்க் பட்டியலில் அது தெரியத்தான் போகிறது. எந்தப் பாடம், ஏன், இரண்டாம் தடவை படிப்பில் என்ன மாற்றினீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லெக்சரர் சரியில்லை என்று நீட்ட வேண்டாம். உண்மையாக இருந்தாலும் நீட்ட வேண்டாம்.

"ஏன் கணக்கியல் எடுத்தீர்கள்?" மாமா சொன்னார், எடுத்தேன். இதை எப்படிச் சொல்வது?

மாமா சொன்னதில் தப்பில்லை. அவர் சொல்லி நீங்கள் சேர்ந்த பிறகு எது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. "எனக்கு எண்கள் பிடிக்கும்" என்பதை எல்லோரும் சொல்கிறார்கள், அதைக் கேட்டால் எனக்குக் காது அடைத்துவிடுகிறது. ஆடிட் வேலையில் எண்களைவிட மனிதர்களும் காகிதங்களும்தான் அதிகம்.

ஒரு பையன் சொன்ன பதிலை நான் இன்னும் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுகிறேன். அவன் கோயில் கமிட்டியில் பொருளாளருக்கு உதவி செய்தவன். தைப்பூசக் காவடி வசூல் முடிந்து பார்த்தால், ரசீதுப் புத்தகங்களின் மொத்தமும் வங்கியில் கட்டிய ஸ்லிப்புகளின் மொத்தமும் ஒத்துப்போகவில்லை. ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இவன் ரசீது எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதினான். நடுவில் ஒரு முழுப் புத்தகத்தின் எண்கள் மட்டும் இல்லை. யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தோம் என்று ஒரு பழைய டைரியில் குறிப்பு இருந்தது. பார்த்தால், அன்னதானம் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவின் கைப்பையில் அந்தப் புத்தகமும் பணமும் பத்திரமாக இருந்திருக்கின்றன, கொடுக்க மறந்துவிட்டார். "அன்றைக்குத்தான் வரிசை எண் எதற்கு என்று புரிந்தது" என்றான். அடுத்த வருடத்திலிருந்து புத்தகம் வாங்கும்போதே கையெழுத்து வாங்கும் பழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறான்.

வகுப்பில் 'முழுமை', 'உள் கட்டுப்பாடு' என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படிப்பதை அவன் இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டான். நம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட அனுபவம் நிறைய இருக்கிறது: கோயில் கணக்கு, தமிழ்ப் பள்ளி ஈஸ்டெட்ஃபோட் கலைப் போட்டிக் கணக்கு, அப்பாவின் கடையில் சனிக்கிழமை கல்லாவை எண்ணி வைப்பது, சித்தப்பாவின் டாக்ஸிக்கு டீசல் பில் சேர்த்து வைப்பது. சிவியில் இவற்றை எழுதுவதே இல்லை. 'கார்ப்பரேட்' ஆக இல்லையாம்!

இத்தனை ஆடிட் ஊழல் நடந்த பிறகும் ஏன் இந்தத் தொழில் என்று கேட்டால்?

இந்தக் கேள்வி வரும், குறிப்பாக நம் பக்கத்தில் வரும். ஸ்டைன்ஹாஃப் கம்பெனி கணக்கு மோசடியால் 2017 டிசம்பரில் சரிந்தது. அதைவிடப் பக்கத்தில் டோங்காட் ஹியூலெட் இருக்கிறது. 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்பு வெட்டிய வடகரையில் வேரூன்றிய சர்க்கரைக் கம்பெனி. 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டின் நிதி அறிக்கையை நம்பி இருக்க வேண்டாம் என்று 2019-இல் கம்பெனியே அறிவித்தது. அதே வருடம் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் அதன் பங்கு வர்த்தகம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் பிசினஸ் ரெஸ்க்யூவுக்கு, அதாவது நொடித்த கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கும் சட்ட நடைமுறைக்கு, போனது. நிலம் விற்ற வருமானத்தைக் காலத்துக்கு முன்பே கணக்கில் காட்டியதும், சொத்து மதிப்பைக் கூட்டிக் காட்டியதும் அதில் முக்கியமான விஷயங்கள்.

பதில் சொல்லும்போது எந்த ஆடிட் அலுவலகத்தையும் திட்ட வேண்டாம், யாரையும் காப்பாற்றவும் வேண்டாம். உங்களுக்கு எதிரில் இருப்பவரே அங்கே வேலை பார்த்திருக்கலாம். கணக்கில் என்ன நடந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஒரு டிரெய்னியாக அந்த இடத்தில் என்ன கேட்டிருப்பீர்கள் என்று சொல்லுங்கள். "நிலம் விற்றதாகக் காட்டினால், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முழுமையானது, வாங்கியவர் பணம் எப்போது கட்டினார் என்று காகிதத்தைக் கேட்டிருப்பேன். 'அது வழக்கம்தான்' என்று சொன்னால் சீனியரிடம் எழுத்தில் கொடுத்திருப்பேன்." எதிர்காலக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. எப்படிப்பட்ட கணக்காளர் ஆகப் போகிறீர்கள் என்பது இதில்தான் தெரிகிறது.

கம்ப்யூட்டரே எல்லாம் செய்துவிடும், இந்தத் தொழில் இருக்குமா என்கிறார்களே?

எழுதிச் சேர்க்கும் வேலை குறைந்துகொண்டே வருகிறது, மறுக்க வேண்டாம். ஜேக்கப்ஸில் ஒரு கிடங்குக்குப் போய் ஸ்டாக் எண்ணும்போது, மேல் தட்டில் இருக்கும் பெட்டி காலியா நிறைந்ததா என்று ஏணி போட்டுப் பார்ப்பதற்கு இன்னும் ஒரு டிரெய்னி வேண்டும். இதைச் சொல்லிவிட்டு எக்செல்லில் உங்களுக்கு என்ன தெரியும் என்று காட்டினால் போதும்.

ஒரு பெண்ணிடம் "கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டார்களாம். கேட்கலாமா?

1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பொறுப்பு, மதம், மொழி போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கும் இது பொருந்தும். ஒழுங்கான அலுவலகம் இதைக் கேட்காது. ஆனால் சின்ன இடங்களில் வயதான பார்ட்னர் ஒருவர், அக்கறையாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, கேட்டுவிடுவார்.

அந்த நேரத்தில் சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எனக்குத் தெரிந்த பெண்கள் சொல்லும் பதில் இது: "மூன்று வருட ஒப்பந்தத்தை முடிக்கும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன். தேர்வுத் தேதிகள் வரைக்கும் திட்டம் போட்டிருக்கிறேன், சொல்லட்டுமா?" கல்யாணப் பேச்சை எடுக்காமலேயே அவர்களுடைய உண்மையான கவலைக்குப் பதில் வந்துவிடுகிறது. திரும்பவும் அதையே கிளறினால், அந்த இடத்தில் மூன்று வருடம் இருக்க வேண்டுமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

தைப்பூசத்துக்கு லீவு வேண்டும் என்று நேர்காணலிலேயே சொல்லலாமா?

முதல் நேர்காணலில் வேண்டாம், வேலை உறுதியானதும் சொல்லுங்கள். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வரும். டிசம்பர் கணக்கு முடிக்கும் கம்பெனிகளின் ஆடிட் நெருக்கடியும் அப்போதுதான். வருடாந்திர விடுப்பிலிருந்து முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலம் போய்க் கேட்டால்தான் முகம் மாறும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை, டர்பனில் அலுவலகத்துக்கு அலுவலகம் விரதக்காரர்கள் இருக்கிறார்கள்.

"வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள்?" உண்மையைச் சொன்னால் எடுக்க மாட்டார்களோ?

சொல்லுங்கள். ஒரே இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். உம்லாங்காவில் இருக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் போட்டிருக்கிறேன், உங்களுக்கும் போட்டிருக்கிறேன் என்று சொல்வதில் தப்பில்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்து சொன்னால். பெரிய இடத்தில் ஒரு பெரிய கம்பெனியின் வங்கிக் கணக்கை மட்டுமே வாரக்கணக்கில் பார்ப்பீர்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அலுவலகத்தில் காலையில் வாட், மத்தியானம் சம்பளப் பட்டியல், சாயங்காலம் வரித்துறையான சார்ஸ் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் என்று எல்லாவற்றிலும் கை வைப்பீர்கள். எது உங்களுக்கு ஏன் வேண்டும் என்று சொல்லுங்கள்.

தகுதி கிடைத்ததும் லண்டனுக்கோ சிட்னிக்கோ போகத்தான் ஆசை. மறைக்கணுமா?

மறைக்க வேண்டாம், முதல் வரியாகவும் வைக்க வேண்டாம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவின் சார்ட்டர்ட் அமைப்புகளோடு சைக்காவுக்குப் பரஸ்பர அங்கீகாரம் இருப்பதும், ஆர்ட்டிகிள்ஸ் முடிந்ததும் நிறையப் பேர் விமானம் ஏறுவதும் பேனலுக்குத் தெரிந்த கதைதான். அவர்களுக்கு வேண்டியது ஒப்பந்தம் முடியும்வரை நீங்கள் இருப்பது. "மூன்று வருடம் இங்கே, அதற்கப்புறம் வெளிநாட்டு அனுபவம் கிடைத்தால் போய்ப் பார்ப்பேன்" என்றால் ஒருவரும் கோபிக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் பி.காம் முடித்துவிட்டு இங்கே குடும்பத்தோடு வந்திருக்கிறேன். என்ன சொல்வது?

பட்டத்தை, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் சாக்வாவில் மதிப்பீடு செய்து வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். வேலை பார்க்க அனுமதி இருக்கிறதா என்று கேட்பார்கள், சுற்றி வளைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். எதிர்காலத் திட்டத்தில் "இங்கே 15 சதவீத வாட், கம்பெனிச் சட்டம் 2008, இவற்றைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தால் நல்லது. அங்கே டேலி தெரிந்தவருக்கு இங்கே பேஸ்டல் பழக நாளாகாது.

என் ஆங்கிலம் தடுமாறும். அதனால் போய்விடுமா?

தடுமாறினால் போகாது, சுற்றி வளைத்தால் போகும். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இன்னொன்று: ஜூலு பேசத் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கிடங்கில் ஸ்டாக் பொறுப்பாளரிடம் நாலு வார்த்தை ஜூலுவில் பேசும் டிரெய்னிக்குக் கிடைக்கும் தகவல் மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான். கிளையன்ட் பைன்டவுனிலும் இருப்பார், ஸ்டேங்கரிலும் இருப்பார். உரிமம் இல்லை என்றால் எப்போது தேர்வு எழுதப் போகிறீர்கள் என்று சொல்லத் தயாராகப் போங்கள்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்களே, அப்போது?

சம்பளத்தைத் தவிர ஒன்றும் தோன்றாமல் பலர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இங்கேதான் எதிர்காலக் கேள்வியை நீங்கள் அவர்களிடம் கேட்கலாம். போன வருட இன்டர்ன்களில் எத்தனை பேரை ஆர்ட்டிகிள்ஸுக்கு எடுத்தீர்கள்? தேர்வுக்கு முன்னால் படிப்பு லீவு எத்தனை நாள், சம்பளத்தோடா? டிரெய்னி மூன்று வருடத்தில் ஆடிட்டைத் தவிர வரி, கணக்கு வேலைகளும் பார்ப்பாரா? என் வேலையை யார் சரிபார்ப்பார்கள், பார்ட்னரா, சீனியரா?

பதில்களை எழுதிக்கொள்ள ஒரு சின்ன நோட்டு கொண்டுபோங்கள். போனில் தட்டச்சு செய்தால் மெசேஜ் பார்ப்பதாக நினைப்பார்கள். சம்பளத்தை அவர்களே எடுக்கவில்லை என்றால், வேலை கொடுக்கிறோம் என்று போன் வரும்போது கேளுங்கள்.